ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத நெஃப்ராட்டிக்: குழந்தையின் கிட்னி பயாப்சி பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்பவை

குழந்தைகளுக்கான சிறுநீரகப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். பயாப்சிக்கு முன்னால் பெற்றோரிடம் பேசுவதும், ரிப்போர்ட் வந்தபின் டாக்டர் சொன்னதை மறுபடி உட்கார்ந்து விளக்குவதும் என் வேலையில் சேர்ந்தவை. ஊரும் குடும்பமும் வேறாக இருந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். இதை வைத்து மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு போகத்தான் இது.

"ஸ்டீராய்டு கொடுத்தா சரியாயிடும்னாங்க. இப்போ கேக்கலைங்கறாங்க. எத்தனை நாள் பார்த்துட்டு அப்படிச் சொல்லுவாங்க?"

சிறுநீரகத்தின் வடிகட்டி கசிந்து, ரத்தத்தில் தங்க வேண்டிய ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் ஏராளமாகப் போவதுதான் நெஃப்ராட்டிக். அதனால்தான் காலையில் கண் இமை வீங்குகிறது, சாயங்காலம் கால் வீங்குகிறது, வயிற்றில் நீர் கோக்கிறது. இந்தக் குழந்தைகளில் 85 முதல் 90 சதவீதம் பேருக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்ததும் புரதம் நின்றுவிடும், பெரும்பாலும் முதல் நான்கு வாரத்துக்குள்.

மீதிப் பேருக்குத்தான் இந்தப் பக்கம். இந்தியக் குழந்தைகள் சிறுநீரக மருத்துவச் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல்படி, எடையில் கிலோவுக்கு 2 மி.கி. வீதம் (நாளுக்கு அதிகபட்சம் 60 மி.கி.) தினமும் ஆறு வாரம் கொடுத்தும் புரதம் நிற்கவில்லை என்றால் 'கட்டுப்படவில்லை' என்று வைத்துக்கொள்கிறார்கள். நின்றது என்றால், காலை முதல் சிறுநீரில் தொடர்ந்து மூன்று நாள் 'நில்' (புரதம் இல்லை) அல்லது 'டிரேஸ்' (மிகச் சொற்பம்) வர வேண்டும்.

அந்த முடிவுக்கு வருமுன் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்கள். சிறுநீர்த் தொற்று, வயிற்றுத் தொற்று போல ஏதாவது உள்ளே ஒளிந்திருந்தால் மருந்து வேலை செய்யாது. அதைச் சரி செய்ததும் புரதம் தானாக நின்ற குழந்தைகள் உண்டு. அடுத்தது, மாத்திரை உண்மையிலேயே உள்ளே போனதா என்பது. வாந்தி எடுத்தது, ஊருக்குப் போனபோது விட்டுப்போனது, முகம் உப்புகிறதே என்று பயந்து பாதியாகக் குறைத்தது, எதுவாக இருந்தாலும் தயங்காமல் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் குழந்தைக்குத் தேவையில்லாத ஊசியும் தேவையில்லாத மருந்தும் வந்து சேரும்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கும் இதேதான். அவளுக்கு பயாப்சி எடுக்கலையே, எங்களுக்கு மட்டும் எதுக்கு?"

அவளுக்கு ஸ்டீராய்டு கேட்டிருக்கும். 1967 முதல் 1974 வரை நடந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், நெஃப்ராட்டிக் வந்த 521 குழந்தைகளுக்கு மருந்து தொடங்குமுன்பே பயாப்சி எடுத்துப் பார்த்தார்கள். நான்கில் மூன்று பேருக்கும் சற்றுக் கூடுதலாக 'மினிமல் சேஞ்ச்', அதாவது சாதாரண நுண்ணோக்கியில் மாற்றம் ஏதும் தெரியாத வகை. அப்படி வந்தவர்களில் 93 சதவீதம் பேர் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்பட்டார்கள். முதலில் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது, கேட்காவிட்டால் பயாப்சி என்ற இன்றைய வழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

சில குழந்தைகளுக்கு ஆறு வாரம்கூடக் காத்திருக்க மாட்டார்கள். ஒரு வயதுக்கு முன்பே வந்தது, சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம், குறையாத ரத்த அழுத்தம், ரத்தத்தில் சி3 என்ற எதிர்ப்புப் புரதம் குறைவு, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறி இறங்காமல் நிற்பது, மூட்டு வலி, தோல் தடிப்பு ஆகியவை இருந்தால் இது வழக்கமான நெஃப்ராட்டிக்தானா என்றே சந்தேகம் வரும். அப்போது தொடக்கத்திலேயே பயாப்சி பற்றி யோசிப்பார்கள்.

"சிஸ்டர், கிட்னியிலேர்ந்து சதையை வெட்டி எடுத்தா கிட்னி கெட்டுப்போகாதா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத தாய் இல்லை. வெட்டுவது, தையல் போடுவது எதுவும் கிடையாது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே முதுகுப் பக்கமாக ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே தடிமனான ஊசியைச் செலுத்தி, நூல் போல ஒன்றரை சென்டிமீட்டர் நீளத் துணுக்கு ஒன்றோ இரண்டோ எடுப்பார்கள். ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் குளோமெருலஸ். துணுக்கில் வருவது பத்து, இருபது, அதிகம் போனால் முப்பது. சிறுநீரகத்தின் வேலையில் இதனால் எந்தக் குறையும் வராது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிறுநீரகம் முழுக்க ரத்தக் குழாய் என்பதால் கசிவுதான் கவலை. ஊசி போன இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் ரத்தம் கட்டுவது பலருக்கும் ஸ்கேனில் தெரியும், தானாகக் கரைந்துவிடும். ரத்தம் ஏற்ற வேண்டி வருவது நூற்றில் ஒருவர் என்ற அளவில்தான். அதைத் தவிர்க்கத்தான் முதல் நாளே தட்டணுக்கள், ரத்தம் உறையும் நேரம், ரத்த வகை எல்லாம் பார்த்து, ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு எடுக்கிறார்கள்.

"வலிக்குமா? புள்ள அழுவானே. எத்தனை நாள் தங்கணும்?"

சிறு குழந்தைகளுக்குத் தூக்க மருந்து ஊசி வழியாகக் கொடுத்து, ஊசி போகும் இடத்தையும் மரத்துப்போகச் செய்துவிடுவார்கள். வயிற்றுக்கடியில் சுருட்டிய துணியை வைத்துக் குப்புறப் படுக்க வைப்போம். விவரம் தெரிந்த பெரிய பிள்ளை என்றால் தூக்கம் லேசாக இருக்கும், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். ஊசிக் கருவி விடுபடும்போது டக்கென்று சத்தம் வரும். வலியைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் பிள்ளைகள் பதறுகிறார்கள். அதனால் முன்னாடியே வெறுங்கருவியை அழுத்தி அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்துவிடுவோம். பிறகு உள்ளே பயம் பாதியாகிவிடும்.

எடுத்து முடித்ததும் மல்லாக்கப் படுத்தே இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், பெரும்பாலும் ஆறு மணி நேரத்திலிருந்து மறுநாள் காலை வரை. ஒவ்வொரு முறை போகும் சிறுநீரையும் தனித்தனி பாட்டிலில் பிடித்து, நேரம் எழுதி, வெளிச்சத்தில் வரிசையாக வைப்போம். முதல் பாட்டில் கட்டன் டீ நிறத்தில் இருந்தாலும் அடுத்தடுத்தது வெளுத்துக்கொண்டே போனால் நிம்மதி. வெளுக்காமல் சிவந்துகொண்டே போனாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ, சிறுநீர் போகவே முடியாமல் வயிறு வலித்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுவோம். வீட்டுக்குப் போன பிறகு இப்படி ஆனாலும், காய்ச்சல் வந்தாலும், காத்திருக்காமல் திரும்ப வாருங்கள். ஓட்டம், குதியாட்டம், சைக்கிள் எல்லாம் டாக்டர் சொல்லும்வரை, ஓரிரு வாரமாவது வேண்டாம்.

"இத்துனூண்டு துணுக்குல என்ன பாக்குறாங்க? ஒரே டெஸ்டுக்கு ரிப்போர்ட் ஏன் தவணையில வருது?"

துணுக்கு வெளியே வந்ததும் உப்புநீரில் நனைத்த துணியில் வைத்து உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். வெளிர் நிறத்தில் ஆங்காங்கே சிவப்புப் புள்ளி தெரிந்தால் குளோமெருலஸ் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு அதை மூன்று பாட்டிலுக்குப் பிரிப்பார்கள். ஃபார்மலினில் போடுவது சாதாரண நுண்ணோக்கிக்கு. அதில் பல சாயங்கள் ஏற்றி, எங்கே தழும்பு, எங்கே செல் பெருக்கம் என்று பார்ப்பார்கள். இன்னொன்று இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனைக்கு. ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், சி3, சி1க்யூ போன்ற எதிர்ப்புப் புரதங்கள் வடிகட்டியில் படிந்திருக்கின்றனவா என்று ஒளிரவைத்துப் பார்ப்பது. மூன்றாவது எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு.

முதல் இரண்டும் சில நாட்களில் வந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கி வசதி சில இடங்களில்தான் உண்டு. தமிழ்நாட்டில் பல ஊர்களிலிருந்தும் மாதிரி சென்னைக்கோ வேலூருக்கோ போகிறது. அதனால் அது வாரக்கணக்கில் தாமதமாகும். மருந்து தொடங்க அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லாத சந்தர்ப்பங்களே அதிகம்.

"எம்சிடின்னு வந்திருக்கு. நல்ல சேதிதானே? அப்போ ஸ்டீராய்டு ஏன் கேக்கலை?"

எம்சிடி என்பது மேலே சொன்ன மினிமல் சேஞ்ச். சாதாரண நுண்ணோக்கியில் எல்லாம் சரியாகத் தெரியும், படிவும் இருக்காது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மட்டும்தான் கோளாறு தெரியும். வடிகட்டியின் வெளிப்புறத்தில் போடோசைட் என்ற செல்கள் பாதங்களை நீட்டிப் பின்னிக்கொண்டு நிற்கும். அந்தப் பாதங்கள் தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். 'ஃபுட் பிராசஸ் எஃபேஸ்மென்ட்' என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இதைத்தான்.

நல்ல சேதிதான். தழும்பு விழவில்லை, வேறு மருந்துக்குக் கட்டுப்படும் வாய்ப்பும் நன்றாக இருக்கிறது. ஆனால் எம்சிடி என்று வந்தாலே ஸ்டீராய்டு கேட்டாக வேண்டும் என்பதில்லை. அந்தப் பழைய ஆய்விலேயே நூற்றில் ஏழு பேருக்குக் கேட்கவில்லை. பாதங்கள் ஏன் ஒட்டிக்கொண்டன என்பதற்குப் பல காரணம் இருக்கலாம். நோய் எதிர்ப்பு மண்டலமா, ஜீனா என்பதை நுண்ணோக்கி சொல்லாது. இன்னொரு காரணம், துணுக்கில் தழும்பு அகப்படாமல் போயிருக்கலாம். அதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

"எஃப்எஸ்ஜிஎஸ்னு போட்டிருக்கு. நெட்ல பார்த்தா டயாலிசிஸ்ங்கறான். தூக்கமே போச்சு சிஸ்டர்."

ஸ்டீராய்டு கேட்காத குழந்தைகளின் பயாப்சியில் எம்சிடியும் இதுவும்தான் அதிகம் வருபவை. எஃப்எஸ்ஜிஎஸ்-இல் எல்லா வடிகட்டிகளும் கெடுவதில்லை. சிலவற்றில், அதுவும் ஒவ்வொன்றின் ஒரு ஓரத்தில், தழும்பு விழுந்திருக்கும். தழும்பு எந்த இடத்தில், எப்படி என்பதை வைத்து 2004-இல் வந்த கொலம்பியா வகைப்பாட்டில் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். குழந்தைகளுக்கு வருவதில் பெரும்பாலானது 'என்ஓஎஸ்', அதாவது தனி வகை எதிலும் சேராதது. 'டிப்' வகை மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் இனம். 'கொலாப்சிங்' வகைதான் கடினமானது. உங்கள் ரிப்போர்ட்டில் வகை எழுதாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள்.

இணையத்தில் வரும் கணக்குகள் மருந்து கேட்டவர், கேட்காதவர் எல்லோரையும் ஒன்றாகக் கலந்தவை. போடோநெட் என்னும் பன்னாட்டுப் பதிவேட்டில் ஸ்டீராய்டு கேட்காத குழந்தைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து 2017-இல் வெளியிட்ட கணக்கு இது: பத்து ஆண்டுக்குப் பின் சிறுநீரகம் செயலிழக்காமல் இருந்தவர்கள் எம்சிடியில் 79 சதவீதம், எஃப்எஸ்ஜிஎஸ்-இல் 52 சதவீதம். அதே குழந்தைகளை மருந்துக்குக் கட்டுப்பட்ட விதத்தை வைத்துப் பிரித்தால், முழுமையாகக் கட்டுப்பட்டவர்கள் 94, ஓரளவு கட்டுப்பட்டவர்கள் 72, எதற்குமே கட்டுப்படாதவர்கள் 43. பாருங்கள், வித்தியாசம் எதில் பெரிது என்று. பயாப்சியில் வந்த பெயரைவிட, அடுத்த மருந்துக்குக் குழந்தை என்ன பதில் சொல்கிறது என்பதுதான் எதிர்காலத்தைக் காட்டுகிறது. எஃப்எஸ்ஜிஎஸ் என்று வந்து, டாக்ரோலிமஸ் என்ற, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் புரதம் நின்று, பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளைகளை எங்கள் ஓபியில் மாதாமாதம் பார்க்கிறேன். தயவுசெய்து ரிப்போர்ட் வந்த அன்று இரவு நெட்டில் தேடாதீர்கள்.

"முதல் பயாப்சில எம்சிடி. ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்தா எஃப்எஸ்ஜிஎஸ். அப்போ முதல்ல தப்பா பார்த்துட்டாங்களா?"

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுக்க ஒரே சீராக வேகும்போதுதான் அது சரி. எஃப்எஸ்ஜிஎஸ் சீராக வருவதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறது. பத்துக்கு ஒரு வடிகட்டி கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துணுக்கில் பத்து மட்டும் கிடைத்தால், கெட்டது ஒன்றுகூட அகப்படாமல் போக 35 சதவீத வாய்ப்பு. இருபது கிடைத்தால் 12, இருபத்தைந்து கிடைத்தால் 7. அதனால்தான் 'எத்தனை குளோமெருலஸ்' என்பதை ரிப்போர்ட்டின் முதல் வரிகளிலேயே எழுதுகிறார்கள். அதோடு, தழும்பு முதலில் விழுவது சிறுநீரகத்தின் உள்ளோரத்தில் இருக்கும் வடிகட்டிகளில்; ஊசி மேலாகவே எடுத்திருந்தால் அந்தப் பகுதி வந்திருக்காது.

இன்னொரு சாத்தியமும் உண்டு. முதலில் உண்மையாகவே தழும்பு இல்லாமல் இருந்து, புரதம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததால் போடோசைட்கள் உதிர்ந்து, பின்னர் தழும்பு விழுந்திருக்கலாம். போடோசைட் உதிர்ந்தால் திரும்ப முளைப்பது அரிது. எம்சிடியும் எஃப்எஸ்ஜிஎஸ்ஸும் ஒரே நோயின் முன்பின் கட்டங்கள் என்று சொல்லும் நிபுணர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் முதலில் பார்த்தவர் தவறு செய்தார் என்று ஆகாது.

"ஐஜிஎம் பாசிட்டிவ், மெசாஞ்சியல் ப்ரொலிஃபரேஷன்னு ஏதேதோ எழுதியிருக்கு. இது வேற நோயா?"

வடிகட்டியின் நடுவே இருக்கும் செல்கள் கொஞ்சம் பெருகியிருப்பதும், ஐஜிஎம் லேசாகப் படிந்திருப்பதும் இந்தக் குழந்தைகளிடம் சகஜம். தழும்பு விழுந்த இடத்தில் ஐஜிஎம்மும் சி3-யும் வெறுமனே சிக்கிக்கொள்வதும் உண்டு. தனிப் பெயர் கொடுப்பதா என்பதில் நிபுணர்களிடையே ஒத்த கருத்து இல்லை, வைத்தியம் ஒன்றுதான். இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை.

"மெம்பிரனஸ்னு வந்தா? டாக்டர் திடீர்னு நாட்டு மருந்து சாப்பிட்டானான்னு கேட்டாங்க, எங்களுக்குப் புரியல."

மெம்பிரனஸ் என்பது வடிகட்டியின் சவ்வில் படிவு சேர்ந்து அது தடித்துப்போகும் நோய், குழந்தைகளுக்கு அரிது. வந்தால் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும்: ஹெபடைட்டிஸ் பி, வயதுக்கு வரும் பருவத்துப் பெண்பிள்ளைகளுக்கு லூபஸ் (எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் நோய்), சில மருந்துகள். லூபஸ் என்றால் இம்யூனோஃப்ளோரசன்ஸில் ஏறக்குறைய எல்லாமே ஒளிரும். சி3 மட்டும் பிரகாசமாக ஒளிர்ந்தால் அது சி3 குளோமெருலோபதி என்ற வேறு குடும்பம். இவற்றுக்கெல்லாம் வைத்தியமே தனி. ஸ்டீராய்டு கேட்காத பிள்ளைக்கு பயாப்சி கட்டாயம் என்று டாக்டர்கள் சொல்வதற்கு இப்படிப்பட்ட நோய்களைத் தவறவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

நாட்டு மருந்து பற்றிக் கேட்டது பழி போடுவதற்கு அல்ல. சென்னையைச் சேர்ந்த சிறுநீரக நோயியல் நிபுணர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், 'நெல்-1' என்ற வகை மெம்பிரனஸ் வந்தவர்களில் பலர் பாரம்பரிய மருந்து சாப்பிட்டிருந்தது தெரிந்தது. சோதித்த மருந்துகள் சிலவற்றில் பாதரசம் இருந்தது; மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குப் புரதம் குறைந்தது. அதில் பெரும்பாலும் பெரியவர்கள்தான். ஆனாலும் குழந்தைக்குப் பொடி, லேகியம், செந்தூரம், பற்பம் என்று எது கொடுத்திருந்தாலும், பாட்டி கொடுத்ததாக இருந்தாலும், பொட்டலத்தோடு கொண்டுவந்து காட்டுங்கள்.

"ரிப்போர்ட்ல '18 குளோமெருலஸ், 2 குளோபல் ஸ்கிளிரோசிஸ், 3 செக்மெண்டல், ஐஎஃப்டிஏ 15%'னு இருக்கு. அப்போ பதினைஞ்சு சதவீதம் கிட்னி போயிடுச்சா?"

வரிசையாகப் பார்ப்போம். 18 கிடைத்தது என்பது போதுமான மாதிரி. 'குளோபல்' என்றால் அந்த இரண்டும் முழுக்கத் தழும்பாகிவிட்டவை, இனி வேலை செய்யா. 'செக்மெண்டல்' மூன்றில் ஓரம் மட்டும் தழும்பு, மீதிப் பகுதி வேலை செய்கிறது. மற்ற 13 பார்க்க நன்றாக இருக்கின்றன.

ஐஎஃப்டிஏ என்பது வடிகட்டிகளுக்கு வெளியே, சிறுநீர்க் குழல்கள் சுருங்கி அவற்றைச் சுற்றி நார்த்தழும்பு விழுந்த பரப்பு. அந்தத் துணுக்கில் இருக்கும் புறணிப் பகுதியில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு என்று கண்ணால் மதிப்பிட்டு எழுதுகிறார்கள். சிறுநீரகத்தின் செயல்திறனைக் காட்டும் எண் அது இல்லை. அதற்குக் கிரியேட்டினினும் அதிலிருந்து கணக்கிடும் ஜிஎஃப்ஆரும் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) பார்க்க வேண்டும். ஆனால் இந்த வரியை நான் அலட்சியமாகத் தாண்ட மாட்டேன். கசிவு மருந்தால் நிற்கலாம், நார்த்தழும்பு திரும்புவதில்லை. பெற்றோர் முதல் பக்கத்தில் இருக்கும் நோயின் பெயரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், டாக்டரின் கண் நேராக இந்த வரிக்குப் போகும். 5, 10 என்றால் மருந்துக்கு நல்ல அவகாசம் இருக்கிறது. 40, 50 என்றால் நோய் நீண்ட நாள் உள்ளே இருந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் எண் என்ன என்று கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பயாப்சி எடுத்தால் ஒப்பிட அதுதான் வேண்டும்.

"பயாப்சியும் எடுத்தாச்சு. இப்போ ஜீன் டெஸ்ட் வேற. பயாப்சிலயே தெரியாதா?"

தெரியாது. ஜீன் கோளாறால் வந்த எஃப்எஸ்ஜிஎஸ்ஸும் எதிர்ப்பு மண்டலக் கோளாறால் வந்ததும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரிதான். வடிகட்டியின் இடுக்கைக் கட்டும் நெஃப்ரின் என்ற புரதத்தின் ஜீனை 1998-இல் கண்டுபிடித்தார்கள், போடோசின் 2000-இல். அதன்பின் பல பத்து ஜீன்கள் சேர்ந்துவிட்டன. பல நாடுகளைச் சேர்ந்த 1,783 குடும்பங்களைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டு கேட்காதவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு ஒற்றை ஜீன் மாற்றம் இருந்தது. பிறந்த மூன்று மாதத்துக்குள் வந்தால் வாய்ப்பு மிக அதிகம். வயது கூடக்கூடக் குறையும்.

ஜீன் காரணம் உறுதியானால், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளால் பெரும்பாலும் பலன் இல்லை. அவற்றை நிறுத்தித் தொற்று ஆபத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றலாம். அரிதாக, கோஎன்சைம் க்யூ10 என்ற பொருளை உடல் தயாரிப்பதில் கோளாறு என்று தெரிந்தால் அதையே மருந்தாகக் கொடுத்துப் பலன் பெற்ற குழந்தைகள் இருக்கிறார்கள். டபிள்யூடி1 ஜீன் என்றால் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் என்ற புற்றுக் கட்டி வரக்கூடும் என்பதால் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கோ, குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தாலோ, முதலில் ஜீன் சோதனையைச் செய்துவிட்டு பயாப்சியையே தவிர்ப்பதும் உண்டு.

"நாங்க சொந்தத்துல கட்டிக்கிட்டதாலதான் இப்படியா? மாமியார் என்னையே சொல்றாங்க."

மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டுவது நம் பக்கம் வழக்கம். அப்படிக் கட்டியவர்களில் பெரும்பாலோருக்குப் பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். நெஃப்ரின், போடோசின் போன்றவற்றில் கோளாறு வர, பழுதான பிரதி அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றும் வர வேண்டும். இருவரும் ஒரே தாத்தா பாட்டி வழி என்றால் அப்படி ஒத்துப்போகும் வாய்ப்பு கூடும். ஒருவர் மட்டும் காரணமாக இருக்கவே முடியாது. மாமியாரையும் ஒருநாள் அழைத்து வாருங்கள், நானே சொல்கிறேன்.

குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்பதும் இந்த வகையில் சாதாரணம்தான், ஒற்றைப் பிரதி வைத்திருப்பவருக்கு நோய் தெரியாது. ஜீன் சோதனையில் இப்படி உறுதியானால் அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அடுத்த பிள்ளை பற்றி யோசிக்குமுன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ஜீன் மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தால் உங்கள் கல்யாணத்தை இதில் இழுக்கத் தேவையில்லை.

"எம்சிடி வந்தாலும் டாக்ரோலிமஸ், எஃப்எஸ்ஜிஎஸ் வந்தாலும் டாக்ரோலிமஸ். அப்புறம் எதுக்கு ஊசி குத்தினீங்க?"

நியாயமான கேள்வி. முதலில் எடுக்கும் மருந்து இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான்: டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின், அதோடு குறைந்த அளவு ஸ்டீராய்டு, ரத்த அழுத்தத்தையும் புரதக் கசிவையும் குறைக்கும் எனலாப்ரில் போன்ற மாத்திரை. 131 குழந்தைகளைச் சேர்த்து இந்தியாவில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் முழுமையாகவோ ஓரளவோ கட்டுப்பட்டவர்கள் டாக்ரோலிமஸில் 82.5 சதவீதம், ஊசியாகப் போட்ட சைக்ளோபாஸ்பமைடில் 45.9 சதவீதம். அதனால்தான் இங்கே அதை முதலில் எடுக்கிறார்கள்.

பயாப்சி வீண் இல்லை. மெம்பிரனஸ் கேள்வியில் சொன்ன வேறு நோய்கள் இல்லை என்று உறுதியாகிறது. ஐஎஃப்டிஏ எண் கையில் கிடைக்கிறது. தழும்பு அதிகமாகி ஜிஎஃப்ஆரும் நன்றாகக் குறைந்திருந்தால் டாக்ரோலிமஸ் கொடுக்கவே தயங்குவார்கள். ஏனென்றால் அந்த மருந்தே சிறுநீரகத்தில் தழும்பு விழச்செய்யக்கூடியது. மருந்துக்கு முன்னால் உள்ளே எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால், பின்னால் வரும் தழும்பு நோயால் வந்ததா மருந்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

"மருந்து கேட்டு நல்லா இருக்கான். இப்போ மறுபடி பயாப்சியா? வேண்டாம்னு சொல்லலாமா?"

இப்போது சொன்ன காரணம்தான். டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரினை இரண்டு ஆண்டைத் தாண்டித் தொடர வேண்டும் என்றாலோ, கிரியேட்டினின் மெல்ல ஏறினாலோ மறுபடி பார்க்கச் சொல்வார்கள். மருந்தின் பாதிப்புக்கு அடையாளம் உண்டு: நார்த்தழும்பு பட்டை பட்டையாக விழுந்திருக்கும், சிறு ரத்தக் குழாய்களின் சுவரில் கண்ணாடி போன்ற படிவு இருக்கும். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும்போதே இது தொடங்கிவிடலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அதற்குமுன், மருந்தைக் குறைத்து நிறுத்தும் திட்டம் இருக்கிறதா, ரிட்டுக்ஸிமாப் போல வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நிறுத்தப்போகிறார்கள் என்றால் பயாப்சி தேவைப்படாமலே போகலாம்.

"மூணு வருஷமா ஸ்டீராய்டு கேட்டுது, இந்தத் தடவைதான் கேக்கலை. இதுவும் அதே நோய்தானா?"

இதைப் பிந்திய எதிர்ப்பு என்பார்கள். இதற்கும் பயாப்சி எடுப்பார்கள், ஆனால் முதலிலிருந்தே கேட்காத குழந்தைகளைவிட நிலைமை நன்றாக இருக்கும். எம்சிடி வருவது அதிகம், ஜீன் காரணம் இருப்பது மிக அரிது, அடுத்த மருந்துக்குக் கட்டுப்படும் வாய்ப்பும் கூடுதல். முதல் கேள்வியில் சொன்ன தொற்று, விட்டுப்போன மாத்திரை இரண்டையும் இங்கே இன்னும் கவனமாகப் பாருங்கள். மூன்று வருடம் மாத்திரை கொடுத்துக் கொடுத்து வீட்டில் எல்லோருக்கும் சலிப்புத் தட்டியிருக்கும்.

"கடைசியில நான் கிட்னி கொடுத்தா, அதுலயும் இதே நோய் வருமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் ஜீன் ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஜீன் காரணம் என்றால் கோளாறு பழைய சிறுநீரகத்தின் வடிகட்டியிலேயே இருந்தது. புதிதில் திரும்புவது அரிது. ஆனால் கொடுக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்த மாற்றம் எந்த அளவில் இருக்கிறது என்று முன்பே சோதிக்க வேண்டும். ஜீன் காரணம் இல்லாத எஃப்எஸ்ஜிஎஸ் என்றால் மாற்றுச் சிறுநீரகத்தில் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குத் திரும்ப வரலாம், சிலருக்கு ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே. ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று போடோசைட்டைத் தாக்குகிறது என்று வெகுகாலமாகச் சந்தேகித்துவந்தார்கள். நெஃப்ரினுக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் நெஃப்ராட்டிக் குழந்தைகள் பலரிடம் இருப்பதை 2022-இலும் 2024-இலும் வந்த ஆய்வுகள் காட்டின. திரும்ப வந்தாலும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை, ரிட்டுக்ஸிமாப் கொடுத்து அடக்க முடிந்தவர்கள் உண்டு. எனவே திரும்ப வரலாம் என்பதற்காக மாற்று அறுவையே வேண்டாம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

"இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டணும்னு தோணுது. ரிப்போர்ட் மட்டும் போதுமா?"

தாராளமாகக் காட்டுங்கள், உங்கள் டாக்டர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். மறுபடி ஊசி குத்தத் தேவையில்லை. சாயம் ஏற்றிய கண்ணாடித் தகடுகளும், மீதித் திசுவை மெழுகில் பதித்த பிளாக்கும் ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கும். எழுதிக் கேட்டால் தகடுகளைத் தருவார்கள், அல்லது பிளாக்கிலிருந்து புதிதாக வெட்டித் தருவார்கள். ஒளிரும் சாயம் நாளடைவில் மங்கிவிடும் என்பதால் இம்யூனோஃப்ளோரசன்ஸுக்குப் படங்களைக் கேளுங்கள். கூடவே முதல் நாளிலிருந்து எந்த மருந்து, என்ன அளவு, எத்தனை வாரம் என்ற பட்டியல், குழந்தையின் எடை உயரக் குறிப்பு, வீட்டில் தினமும் சிறுநீர் பார்த்து எழுதிய நோட்டு மூன்றையும் எடுத்துப்போங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி ரிப்போர்ட் தாமதமாக வருவதால் பல பேருடைய கோப்பில் அது சேராமலே இருக்கும். கிளம்புமுன் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.